அறிவிப்பு முதலில் ஊருக்கு வரட்டும்: டெல்டா மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கு வணக்கம்.

நான் ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவன். அதோடு ஊரில் நாளிதழ் முகவராகவும் இருக்கிறேன். விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கும் பேப்பர் கட்டைப் பிரித்து, வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் ஆள் அனுப்பிப் போடுகிற வேலை. அதனால் ஊருக்குள் செய்தி எப்படி வருகிறது, வழியில் எப்படித் திரிகிறது, யாருக்கு வராமலே போகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அந்த வகையில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

அணை திறப்பு, வெள்ள எச்சரிக்கை, நெல் கொள்முதல், பள்ளி விடுமுறை, பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி போன்ற அறிவிப்புகள் எக்ஸ் தளத்திலும் ஃபேஸ்புக்கிலும் வருவதற்கு முன்னால், எந்தத் தனி முதலாளிக்கும் சொந்தமில்லாத இடத்தில் வர வேண்டும். அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். இதுதான் என் கோரிக்கை.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்களுக்கு அப்படி இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். ஆனால் 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்துக் கிடந்தோம். அந்த இரண்டு மாத இடைவெளிக்குள்தான் குறுவை போடுவதா, நேரே சம்பாவுக்குப் போவதா, நாற்றங்கால் விடுவதா, நேரடி விதைப்பா, இந்த வருடமும் நகையை அடகு வைக்க வேண்டுமா என்பதெல்லாம் முடிவாகிறது. அணை திறந்த மூன்று நான்கு நாளில் கல்லணையைத் திறந்துவிடுவார்கள். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்பது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று முறை வைப்பதைப் பொறுத்தது. ஒரு தேதி தப்பாக வந்தால் ஒரு போகமே தப்பிப் போகும்.

போன சம்பா அறுவடையில் நடந்ததைச் சொல்கிறேன். நெல் களத்தில் கிடந்தது. வானம் மூடிக்கொண்டிருந்தது. காலையில் வாட்ஸ்ஆப்பில் ஒரு தாளின் படம் சுற்ற ஆரம்பித்தது. கோபுர முத்திரை, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தன. சாக்கு இருப்பு இல்லாததால் மறு அறிவிப்பு வரும் வரை கொள்முதல் நிறுத்தம் என்று போட்டிருந்தது. அது எப்போதோ வந்த பழைய தாள். தேதி இருந்த மேல்பகுதியை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் ஓர் அக்கா குத்தகைக்கு எடுத்து நட்டிருந்தார். தார்ப்பாயைக் கூட வாடகைக்கு வாங்கித்தான் நெல்லை மூடியிருந்தார். மத்தியானம் வியாபாரி வண்டியோடு வந்தார். மழைக்கும் பயம், கொள்முதல் நிலையமும் இல்லை என்ற எண்ணம். அவர் சொன்ன விலைக்கே அக்கா எல்லாவற்றையும் அளந்துவிட்டார்.

மறுநாள் கொள்முதல் நிலையம் வழக்கம்போல் திறந்தது. அந்தத் தாள் பொய் என்ற மறுப்பு முதல் நாள் பகலிலேயே எக்ஸில் வந்துவிட்டதாம். சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பையன் ராத்திரி அனுப்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் தெருவில் எக்ஸில் கணக்கு உள்ளவர் ஒருவர் கூட இல்லை. 2023 ஜூன் கடைசியில், லாகின் செய்யாதவர்கள் எதையும் பார்க்க முடியாதபடி அந்தத் தளத்தைப் பூட்டினார்கள். பிறகு கொஞ்சம் திறந்துவிட்டார்கள். இன்றும் கணக்கு இல்லாதவர் போய்ப் பார்த்தால் ஓர் அலுவலகத்தின் புதிய பதிவுகள் தேதி வரிசையில் கிடைப்பதில்லை. மறுப்புப் போட்ட அலுவலர் தன் வேலையைச் செய்தார். ஆனால் அவர் போட்ட இடத்துக்கு எங்களால் போக முடியவில்லை.

அந்த இடம் யாருடையது என்று பாருங்கள். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். அதுதான் இப்போது எக்ஸ். அவரே 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் டிரம்ப் பக்கம் நின்று 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். அவருடைய பதிவுகளை நிறையப் பேர் பார்க்கவில்லை என்பதற்காக, அவை எல்லோர் கண்ணிலும் படும்படி பொறியாளர்களை வைத்து மாற்றச் செய்தார் என்று 2023 பிப்ரவரியில் செய்தி வந்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப் மூன்றும் மெட்டாவுடையவை. அந்த நிறுவனத்தின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் மார்க் சக்கர்பெர்க் ஒருவர் கையில் இருக்கிறது. யூடியூப் கூகுளுடையது. அதன் தாய் நிறுவனத்திலும் நிறுவனர்கள் இருவர் கையில்தான் பாதிக்கு மேல் ஓட்டு. டெல்டாவில் ஒருவர் காலையில் கண் விழித்ததும் முதலில் எந்தச் செய்தியைப் பார்க்கிறார் என்பது இந்த நாலைந்து பேரின் நிறுவனங்களில் முடிவாகிறது.

பணக்காரர் பத்திரிகை நடத்துவது புதிதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான். நெட்வொர்க்18 குழுமம் 2014-இல் ரிலையன்ஸ் கைக்குப் போனது. என்டிடிவி 2022-இல் அதானி கைக்குப் போனது. அமெரிக்காவில் வாஷிங்டன் போஸ்ட்டை 2013-இல் ஜெஃப் பெசோஸ் வாங்கினார். தமிழ்நாட்டில் எந்த சேனல் எந்தக் கட்சிக்காரருடையது என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பார்க்கிறோம், பாதியைக் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்கிறோம். முதலாளியின் கை தெரிகிற வரைக்கும் கேள்வி கேட்க வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட், அதிபர் தேர்தலில் ஒரு வேட்பாளரை ஆதரித்து எழுதும் வழக்கத்தைக் கைவிட்டபோது இரண்டு லட்சத்துக்கும் அதிகமான சந்தாதாரர்கள் விலகிப் போனார்கள். என்ன நடந்தது, யார் செய்தார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஃபோனில் வருவது அப்படி இல்லை. அது மாமா அனுப்பியதாக, ஸ்கூல் சிநேகிதன் பகிர்ந்ததாகத்தான் வருகிறது. முதலாளி எங்கும் தெரிய மாட்டார். இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிய கவலை. டீக்கடையில் ஒரே பேப்பரை நாலு பேர் பிரித்துப் படிப்பார்கள். ஒருவர் விளையாட்டுப் பக்கம், ஒருவர் மாவட்டப் பக்கம். படித்துவிட்டுச் சண்டை போடுவார்கள். ஆனால் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே பேப்பர். "எங்கே போட்டிருக்கு, காட்டு" என்று கேட்டால் காட்டலாம். இப்போது அதே பெஞ்சில் நாலு பேர் நாலு ஃபோனைப் பார்க்கிறார்கள். ஒருவருக்கு வருவது அடுத்தவருக்கு வருவதில்லை. ஒருவருக்கு அணை நிரம்பி வழிகிறது, பக்கத்தில் இருப்பவருக்குக் கர்நாடகம் தண்ணீரை நிறுத்திவிட்டது. இரண்டும் போன வருடத்து வீடியோவாகக் கூட இருக்கலாம். சேர்ந்து உட்கார்ந்து சரிபார்ப்பதற்குப் பொதுவாக ஒரு தாள் இல்லை.

எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று தெரியும். ஷட்டர், மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் கையில். அவர் கைவிரித்தால் உதவிப் பொறியாளர், அப்புறம் செயற்பொறியாளர், அதற்கும் மேலே உங்கள் விவசாயிகள் குறைதீர் கூட்டம். முறை எத்தனை நாள் என்று எழுதியே வைத்திருப்பார்கள். செய்தி வருகிற வழியிலும் இப்படி ஒரு ஷட்டர் இருக்கிறது. அதை எந்த விதிப்படி ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள் என்று எங்கேயும் முழுதாக எழுதி வைக்கவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை. கோபம் வர வைக்கும் வீடியோவில் ஆள் அதிக நேரம் நிற்கிறார், அதிக நேரம் நின்றால் அதிக விளம்பரம் காட்டலாம் என்கிற கணக்குதான் அங்கே பெரும்பாலும் ஓடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு ஐப்பசியிலும் "அணை உடையும் அபாயம்" என்று சிவப்பு எழுத்தில் யூடியூப் வீடியோக்கள் வரிசை கட்டுகின்றன. சிரித்துவிட்டுப் போக எங்களால் முடியாது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் நிஜமாகவே அடித்துக்கொண்டு போயின. அதைப் பார்த்த ஊர் இது. பயத்துக்குக் காரணம் இருக்கிற இடத்தில் பயத்தை விற்பது சுலபம்.

இந்த நிறுவனங்கள் கோபித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று சம்பவங்கள் சொல்கிறேன். மூன்றுமே உங்கள் வேலையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை.

செய்தி நிறுவனங்களுக்கு இந்தத் தளங்கள் பணம் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்து 2021 பிப்ரவரி 18 அன்று ஃபேஸ்புக் அந்த நாட்டில் செய்திகளை மொத்தமாக முடக்கியது. செய்தித்தாள்களின் பக்கங்கள் மட்டும் போகவில்லை. அரசு வானிலை மையத்தின் பக்கம், சுகாதாரத் துறைப் பக்கங்கள், தீயணைப்புத் துறைப் பக்கம் எல்லாம் சேர்ந்தே காணாமல் போயின. கொரோனா காலம் அது. அரசோடு பேரம் முடிந்து செய்திகள் திரும்பி வர ஒரு வாரம் ஆனது.

அதே மாதிரி ஒரு சட்டத்துக்காக 2023 ஆகஸ்டில் கனடாவிலும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் செய்திகளை மெட்டா நிறுத்தியது. அடுத்த சில வாரத்தில் அந்த நாட்டின் வடக்கே காட்டுத் தீ. யெல்லோநைஃப் என்ற நகரத்தில் சுமார் 20,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற செய்தியின் இணைப்பைக் கூட ஃபேஸ்புக்கில் ஒருவர் இன்னொருவருக்குப் பகிர முடியவில்லை. தடையை நீக்குங்கள் என்று அரசு கேட்டது. மெட்டா நீக்கவில்லை.

மூன்றாவது, நியூயார்க். அங்கே மெட்ரோ ரயில், பஸ் தாமத அறிவிப்புகளை வருடக்கணக்காக ட்விட்டரில் போட்டு வந்தார்கள். மஸ்க் வாங்கிய பிறகு அந்தத் தானியங்கி வசதிக்குக் கட்டணம் கேட்டார்கள். 2023 ஏப்ரலில் போக்குவரத்து நிர்வாகம் இனிமேல் அங்கே போட மாட்டோம் என்று அறிவித்தது. அதே மாதம் அமெரிக்க வானிலைச் சேவையும், தன் எச்சரிக்கைகள் எல்லாம் இனித் தானாக அங்கே வராது என்று மக்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. எதிர்ப்பு வந்ததும் மே மாதத் தொடக்கத்தில் பொதுச் சேவைகளுக்கு மட்டும் இலவசம் என்று மாற்றினார்கள். மாற்றியதும் அவர்களே.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இதுதான் கதி என்றால், டெல்டாவில் ஒரு மாவட்ட அலுவலகம் கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

காவிரியோடு ஒட்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி இரண்டு மாநிலமும் கொதித்துக்கொண்டிருந்தது. பெங்களூரில் ஒரு தமிழ் மாணவரை, ஃபேஸ்புக்கில் போட்ட பதிவுக்காகச் சிலர் அடித்தார்கள். அடித்த வீடியோ இங்கே பரவியது. சென்னையில் ஒரு ஓட்டல் தாக்கப்பட்டது, ராமேஸ்வரத்தில் கர்நாடகத்திலிருந்து வந்த ஒருவர் அடிபட்டார். அந்த வீடியோக்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் பணிமனையில் நின்ற தமிழ்நாட்டு பஸ்கள் வரிசையாக எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரும் போனது. 1991 டிசம்பரிலும் காவிரிக்காக அங்கே தமிழர்கள் அடிபட்டார்கள். அப்போது ஃபோன் கிடையாது. வெறுப்பு எல்லாம் ஃபோனில் பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஊரின் அடிதடி இன்னோர் ஊரின் கைக்குள் சில மணி நேரத்தில் வந்து சேர்ந்தது, அதை நிறுத்தி யோசிக்க நடுவில் ஒரு பத்திரிகை ஆசிரியர் இல்லை. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் ஓடியதும் உங்களுக்குத் தெரியும். நடவுக்கு வடமாநிலத்து ஆட்கள் வருகிற பூமி இது. அவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் நாற்று வயலுக்குப் போகாது.

இந்தத் தளங்களால் நன்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2013-இல் மீத்தேன் திட்டத்துக்கு எதிராக நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ப் பேசித்தான் சேதி பரவியது. பத்து வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு பக்கம் நிலக்கரி ஏலம் என்று தெரிந்த சில நாளிலேயே டெல்டா முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. ஏப்ரல் 8 அன்று மத்திய அமைச்சர் அந்த இடங்களை விலக்குவதாக அறிவித்தார். அந்த வேகத்துக்கு வாட்ஸ்ஆப்பும் உதவியது. அதனால்தான் அங்கே போடவே போடாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. முதலில் போடாதீர்கள், அங்கே மட்டும் போடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

எது உண்மை, எது பொய் என்று அரசு முத்திரை குத்தட்டும் என்றும் கேட்கவில்லை. தன்னைப் பற்றிய செய்தியைத் தானே பொய் என்று அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டபோது, 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அது சரி. எனக்கு வேண்டியது உங்கள் அறிவிப்பு உங்கள் அறிவிப்பாகவே, முழுதாக, தேதியோடு, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைப்பது.

அதற்கான வழிகள் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கின்றன. ஊராட்சி அலுவலகப் பலகை, ரேஷன் கடை, கூட்டுறவுக் கடன் சங்கம், கொள்முதல் நிலையத்தின் வாசல். இந்த நாலு இடத்தில் ஒரே தாள் ஒட்டினால் ஊரில் பாதிப் பேர் கண்ணில் பட்டுவிடும். 2022-இல் தலைமைச் செயலர், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒருவரைப் பறையடிக்க வைத்து ஊர் சுற்ற விடுவது நிற்க வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பதிலாக அவர் சொன்ன ஒலிபெருக்கி வாகனம் எல்லா ஊருக்கும் வருகிறதா? தெருக்கோடி வரைக்கும், குடியிருப்புகளுக்கும் போகிறதா? 2023-இல் எல்லா செல்பேசியும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்த அவசரச் செய்திச் சோதனை, அதற்குச் செயலியும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். கொள்ளிடத்தில் தண்ணீர் அதிகம் விடும் இரவுகளுக்கு அதைக் கேட்டு வாங்குங்கள். வானொலியை மறந்துவிடாதீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டவர் சாய்ந்தது, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சார்ஜ் இல்லாத ஃபோனில் எந்தத் தளமும் வேலை செய்யவில்லை. பேட்டரி போட்ட ரேடியோ பேசியது. திருச்சி வானொலிக்கும் காரைக்கால் பண்பலைக்கும் ஒவ்வொரு அறிவிப்பும் முதல் நிமிடத்திலேயே போய்விட வேண்டும்.

உள்ளூர் நிருபர்களையும் நினைத்துப் பாருங்கள். விளம்பரப் பணம் கூகுளுக்கும் மெட்டாவுக்கும் போன பிறகு மாவட்டப் பக்கங்கள் மெலிந்துவிட்டன. அதை நான் கட்டின் எடையிலேயே பார்க்கிறேன். பல நிருபர்களுக்குச் சம்பளம் கிடையாது, போடும் செய்திக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. இருந்தாலும் ஒரு தாள் நிஜமா பொய்யா என்று கொள்முதல் நிலையத்துக்கே வண்டியில் போய்க் கேட்கிறவர்கள் அவர்கள்தான். எக்ஸில் போட்டாயிற்று, அங்கே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லாமல், செய்திக் குறிப்பை அவர்கள் கையில் கொடுங்கள். ஃபோனை எடுத்துப் பேசுங்கள்.

கடைசியாக அந்தத் தாளைப் பற்றி ஒன்று. தேதியையும் வரிசை எண்ணையும் மேலே மட்டும் போடாதீர்கள். வாசகத்தின் நடுவிலும் கையெழுத்துக்குக் கீழேயும் போடுங்கள். வெட்டினாலும் தேதி மிஞ்ச வேண்டும். வரிசை எண்ணைச் சொன்னால் அப்படி ஓர் அறிவிப்பு உண்டா இல்லையா என்று பதில் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும் அதிலேயே இருக்கட்டும். அதே வரிசை எண்ணில் மாவட்ட இணையதளத்திலும் அந்த அறிவிப்பு இருக்க வேண்டும், பழையவை அழியாமல் இருக்க வேண்டும். இது மட்டும் போன சம்பாவில் இருந்திருந்தால் அந்த அக்கா வியாபாரியைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் வெள்ளத் தடுப்பு, மணல் மூட்டை, நிவாரண முகாம் எல்லாம் பேசுவீர்கள். அதில் அறிவிப்பு முதலில் எங்கே போகும் என்பதையும் ஒரு பொருளாகச் சேர்த்து, வருவாய்த் துறை, நீர்வளத் துறை, நுகர்பொருள் வாணிபக் கழகம் மூன்றுக்கும் எழுத்தில் உத்தரவு கொடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் இதையே மனுவாகவும் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி, நாளிதழ் முகவர்